தண்ணி மாதிரி ஆயில்

“அந்தத் தண்ணி ஆயிலை மட்டும் ஊத்தினே, நாளைக்கே இன்ஜின் படுத்துடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது, சொல்லிட்டேன்!”

காலையிலேயே கணவன் குதித்தான். பானெட்டை எப்படித் திறப்பது என்றுகூடத் தெரியாத ஆள்.

கார் அவளுடையது. வாங்கின நாளிலிருந்து கெட்டி ஆயில்தான். தெருமுனையில் திரும்பும்போதே தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் கேட்கும்.

“மெக்கானிக் அண்ணன் சொல்றார். இந்த இன்ஜினுக்குக் கம்பெனிக்காரனே மெல்லிசான சிந்தெடிக் ஆயில்தான் ஊத்தச் சொல்லியிருக்கானாம். கெட்டியா ஊத்தினா மேல வரைக்கும் ஏறாம தட்டுதாம்.”

“ஆயில் விக்கிறவன் வேற எப்படிச் சொல்லுவான்?”

சோபாவிலிருந்து மாமியார் டிவி ரிமோட்டை ஆட்டினார். “அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா. ஓடுற வண்டியை எதுக்கு நோண்டறே? சத்தம் போட்டா போட்டுட்டுப் போகுது.”

அம்மாவும் பிள்ளையும் எதிலாவது ஒத்துப்போய் அவள் பார்த்ததே இல்லை. மின்விசிறியை எந்த நம்பரில் வைப்பது என்பதற்கே அடித்துக்கொள்வார்கள்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆயிலுக்காக மட்டும் இல்லை.

கணவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. அவள் லேபிலிருந்து திரும்பும்போது ஒன்று தரை துடைக்கிற மாப்பும் கையுமாக நிற்பான், இல்லை சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பான். மாமியாரோ நகராமல் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். லேப் முழுக்க அவள் சொல்லி வைத்திருந்தாள்: என் வீட்டுக்காரர் தங்கம், மாமியார்தான் மகாராணி.

கணவனை உள்ளே இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க அக்காகிட்டப் பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து அத்தையைக் கூட்டிட்டுப் போறாங்க. இனிமே அங்கேயே இருக்கட்டும்.”

அவன் முகம் வெளிறிப்போனது. “ஐயோ, அம்மா போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

“இருந்து மட்டும் என்ன பண்றாங்க? நீங்க ஒத்தை ஆளா மாடா உழைக்கறீங்க. என்னால பார்க்க முடியலை.”

அம்மா பாசம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்து அவள் கிளம்பிவிட்டாள்.

மதியம் மெக்கானிக் ஷெட்டில் பழைய ஆயில் பாகு மாதிரி வடிந்தது. உள்ளே படிந்த கசடையெல்லாம் கழுவி எடுத்துவிட்டுப் புது ஆயிலை ஊற்றினார் மெக்கானிக். சர்ரென்று இறங்கியது.

“ஸ்டார்ட் பண்ணு தங்கச்சி.”

“பண்ணியாச்சு அண்ணே.”

“பண்ணிட்டியா?” அவரே காதை இன்ஜின் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். நடைபாதையில் படுத்திருந்த நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. ‘இன்ஜின் படுத்துடும்னீங்களே, இப்ப வந்து பாருங்க’ என்று கணவனிடம் கேட்க வேண்டும். அதற்காகவே பூனை மாதிரி படியேறினாள்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பேச்சு.

“அம்மா, மாப்பைக் கொடும்மா. அவ வர்ற நேரமாச்சு.”

“இருடா, சோபாவுக்கு அடியில இன்னும் துடைக்கலை. காலைத் தூக்கு.”

“மாட்டிக்கப் போறோம்!”

“கத்தாதே. வண்டிச் சத்தம் கேக்கட்டும், தர்றேன்.”

அவள் எட்டிப் பார்த்தாள்.

கணவன் சோபாவில் மல்லாந்திருந்தான். கையில் செல்போன், அதில் ஏதோ கேம். இரண்டு காலும் அந்தரத்தில். கீழே முட்டி போட்டு, வியர்க்க விறுவிறுக்கத் தரை துடைத்துக்கொண்டிருந்தார் மாமியார். அலம்பின பாத்திரங்கள் மேடையில் கவிழ்ந்திருந்தன. துணிகூட மடித்தாகிவிட்டது.

அவளை முதலில் பார்த்தது மாமியார்தான். எழுந்து ஓடி ரிமோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை.

“என்னம்மா... வண்டி ரிப்பேரா? நடந்தா வந்தே?”

கணவனுக்குக் காலை இறக்கவே தோன்றவில்லை.

அவள் கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. நின்ற இடத்திலேயே போனை எடுத்தாள்.

“அண்ணி, அத்தை எங்கேயும் வரலை. இங்கதான் இருப்பாங்க. வேணும்னா உங்க தம்பியைக் கூட்டிட்டுப் போங்க... இல்லை அண்ணி, சீரியஸாதான் சொல்றேன்.”

போனை வைத்துவிட்டு மாப்பை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். அவன் அதை வாளியில் முக்கி அப்படியே தரையில் போட்டான். ஹாலே குளமானது.

“பிழிஞ்சுட்டுத் துடைக்கணும்டா!” என்று மாமியார் பாய்ந்தார்.

“நீங்க உட்காருங்க அத்தை.” தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. “நான் உங்களைப் பத்தி லேப் முழுக்க என்னென்ன சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா?”

“தெரியுமே. மகாராணி. போன்ல நீ பேசினா பக்கத்து வீடு வரைக்கும் கேக்குது.”

“அப்படியும் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை இல்ல? அவர் வேலையையும் சேர்த்துச் செஞ்சிருக்கீங்க!”

“அவனுக்காகச் செஞ்சேன்னா நினைக்கறே?” மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒரு வேலையும் பழக்காம வளர்த்து இவனை உன் தலையில கட்டினவ நான். அதுக்கு நீயா கஷ்டப்படணும்?”