மூச்சு வாங்கிய பதில்

அலுவலகக் கணினிகள் ஒரு வலையமைப்பில் இருந்தன, நூலகக் கணினிகள் வேறொரு வலையமைப்பில் இருந்தன. நடுவே காவலுக்கு நின்ற ஃபயர்வால் ஒரே ஒரு கேள்வியையும் அதற்கான பதிலையும் மட்டும்தான் தாண்டவிடும்.

அலுவலகத்தின் கண்காணிப்புக் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "இருக்கிறாயா?" என்று கேட்கும். நூலகத்தின் பழைய கணினி, "இருக்கிறேன்" என்று சொல்லும். பச்சை விளக்கு எரியும். பதில் வராவிட்டால்தான் சிவப்பு எரிய வேண்டும்.

ஒரு நாள் பதில் தாமதமாக வந்தது. அடுத்த பதில் இன்னும் தாமதமானது.

"அதற்கு உடம்புக்கு என்னவென்று கேட்டுச் சொல்லுங்களேன், அண்ணே" என்றது கண்காணிப்புக் கணினி.

"அந்தக் கேள்விக்கு அனுமதி இல்லை, தம்பி" என்றது ஃபயர்வால். "பதில்தான் வருகிறதே, அப்புறம் என்ன?"

"வருகிறது. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது."

கண்காணிப்புக் கணினி துணிந்து சிவப்பு விளக்கை எரியவிட்டது.

"ஐயோ, பொய் விளக்கா? பொறியாளர் திட்டப்போகிறார்!"

"திட்டட்டும். முதலில் வரட்டும்."

விளக்கைப் பார்த்த பொறியாளர் மதிவதனி நூலகத்துக்கு ஓடினார். பழைய கணினியைத் தொட்டதும் கை சுட்டது. உள்ளே விசிறி தூசி அடைத்து நின்றுபோயிருந்தது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் எல்லாம் கருகியிருக்கும். அவர் தூசியைத் தட்டி, விசிறியைச் சுழலவிட்டார்.

கண்காணிப்புக் கணினி மெல்லக் கேட்டது: "இருக்கி..."

"இருக்கிறேன்!"

"அட, கேள்வி இன்னும் என்னைத் தாண்டவே இல்லையே!" என்றது ஃபயர்வால்.