சோதனை 9

கோடு மாமாவிடமிருந்து அவளுக்கு மறுபடியும் மின்னஞ்சல் வந்திருந்தது.

அலுவலகம் வைத்த பெயர் அது. மின்னூலில் வரி முடிகிற இடத்தில் ஒரு சொல் தப்பாக உடைந்து கோடு விழுந்துவிட்டால் போதும், அந்த வாசகர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். ஒரே நூலைப் பற்றி இரண்டு மாதத்தில் நாற்பது புகார்.

“உன் ரசிகர் எழுதியிருக்காரு, பாத்துக்கோ” என்று பக்கத்து மேசைக்காரி அவளைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மின்னூல்களைத் திருத்துவது அவள் வேலை. அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. போன வாரம் சமாதானத்துக்காக அந்த நூலின் அச்சுப் பிரதி ஒன்றை வீட்டிலிருந்தே கூரியரில் அனுப்பினாள். கவரில் அனுப்புநர் என்ற இடத்தில், கை போன போக்கில், வீட்டு முகவரியையே எழுதினாள்.

இன்று அவள் மனம் வேலையில் ஒட்டவில்லை. காய்ச்சலில் கிடக்கும் எட்டு வயது மகளைத் தனியே விட்டுவிட்டு வந்திருந்தாள். மதியம் வரைக்கும்தான். யார் வந்தாலும் கதவைத் திறக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தலையணையோரம் ஒரு பட்டன் ஃபோன். பொழுது போகத் தன் பழைய இ-ரீடரையும் கொடுத்திருந்தாள்.

மின்னஞ்சலில் ஒரே வரி: ‘இன்னும் சரியாகவில்லை.’ கீழே ஓர் இ-ரீடர் திரையின் புகைப்படம்.

உண்மைதான். மூன்றாம் வரியில் ஒரு சொல் கன்னாபின்னாவென்று உடைந்திருந்தது. மனுஷனுக்குக் கழுகுக் கண். சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள்.

பக்கத்தின் உச்சியில் ‘சோதனை 9’ என்று இருந்தது.

திருத்தும் ஒவ்வொரு முறையும் கோப்பு மாறிப்போகாமலிருக்க அவள் அப்படி எண் போட்டுவைப்பாள். அலுவலகத்தில் இருப்பது எட்டு. ஒன்பதை இன்று காலையில்தான் ஏற்றினாள், வீட்டிலிருக்கும் அந்தப் பழைய ரீடரில் மட்டும்.

தெரியாமல் அவருக்கு அனுப்பித் தொலைத்துவிட்டோமா? அனுப்பிய மின்னஞ்சல்களையெல்லாம் துழாவினாள். இல்லை.

மகளிடம் இருக்கும் பட்டன் ஃபோனில் கேமராவே கிடையாது.

வீட்டுக்கு அடித்தாள். நாலாவது மணியில் மகள் எடுத்தாள். குரல் உற்சாகமாக இருந்தது.

“அம்மா, ஜன்னல் வழியா காட்டுன கவர்ல உன் கையெழுத்து இருந்துச்சு, அதான் கதவைத் தொறந்தேன். போட்டோ வந்துச்சான்னு மாமா கேக்குறாரு.”