அறுபத்திரண்டு தப்பு

"என்னம்மா இது? அறுபத்திரண்டு பேர் லிஸ்ட்ல அறுபத்திரண்டு தப்பு!"

பர்சனல் ஆபீசர் சௌந்தரராஜன் கம்ப்யூட்டர் திரையைத் தட்டினார். சென்னையிலிருந்து ஓசூர் தொழிற்சாலைக்கு வந்து ஆறு நாள்தான் ஆகிறது. வெப் டிசைன் படித்தவர்.

"பக்கம் நல்லாத்தானுங்க சார் தெறக்குது," என்றாள் ஜோதிமணி.

ஏழு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. அவளோடு சேர்த்து அறுபத்திரண்டு பேர் நிரந்தரம் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு அரசு லேபர் ஆபீசர் விசாரணைக்கு வருகிறார். பெங்களூர் தலைமை அலுவலகமும் பார்க்கட்டும் என்று, பட்டியலை வலைப்பக்கமாக அடிக்க அவளிடம் சொன்னவர் சௌந்தரராஜன்தான்.

"ப்ரவுசர் எதையும் பொறுத்துக்கும்மா. குப்பையைக் கொட்டினாலும் காட்டும். அதுக்காக? ஒவ்வொரு வரிக்கும் உள் அடையாளமா, அதான் ஐடின்னு, டோக்கன் நம்பரையே குடுத்திருக்கே. ஐடி எண்ல தொடங்கக் கூடாது. எழுத்துலதான் தொடங்கணும். அதுதான் ரூல்."

"எங்க டோக்கனே வெறும் நம்பர்தானுங்க சார்."

"முன்னாடி ஒரு எழுத்தைச் சேரு."

"உள்ள மட்டுங்களா? வெளிய தெரியற நம்பர்லயுங்களா?"

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இதுகூடத் தெரியல, பர்மனென்ட் வேற கேக்கறீங்க!"

ஜோதிமணி தலையைக் குனிந்துகொண்டாள். "எந்த எழுத்துங்க சார்?"

"ஏதோ ஒண்ணு."

"ஓசூருக்கு ஹெச் போட்டரட்டுங்களா?"

"போடு, போடு."

"நானா மாத்திட்டேன்னு நாளைக்கு வம்பு வருங்க. ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க சார்."

சௌந்தரராஜன் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

மதியம் பிழை பார்க்கும் மென்பொருளில் போட்டார். ஒரு தப்பும் இல்லை. வந்த ஆறே நாளில் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அச்செடுத்து, தாளுக்குத் தாள் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

மூன்று மணிக்கு வந்த லேபர் ஆபீசர் முதல் தாளைப் பார்த்தார். கடைசித் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம் சார். நானே சரிபார்த்தது. ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப எனக்கு இங்க வேலையில்லை," என்று ஃபைலை மூடினார் லேபர் ஆபீசர். "உங்க கம்பெனி ஸ்டாண்டிங் ஆர்டர் விதிப்படி, ஹெச் போட்ட டோக்கன் பர்மனென்ட் ஆளுக்கு மட்டும்தானே!"