இரண்டு பக்கமாக நிற்கும் ரயில்

“ரயிலை எடுக்கச் சொல்லுங்க, அண்ணி!”

நாத்தனார் கடைசி அத்தியாயத்தை மேசை மேல் பொத்தென்று போட்டாள்.

“விசில் ஊதியாச்சு. கொடி காட்டியாச்சு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சு அழுதாச்சு. இன்னும் கிளம்ப மாட்டேங்குது. ரெண்டு பக்கமா நிக்குது. இது நாவலா, பிளாட்பாரமான்னு அண்ணன்கிட்ட கேளுங்க.”

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “நீயே உள்ள போய்க் கேளேன்.”

“நான் வரல. நானும் அண்ணனும் நேருக்கு நேரா திருத்தம் பேசி என்னிக்கு உருப்பட்டிருக்கு? முதல் நாவலுக்கு டம்ளர் பறந்துது. ரெண்டாவதுக்கு டம்ளரோட தட்டும் பறந்துது. தூதுக்கு நீங்கதான் சரி.”

இந்த நாவலுக்கென்று இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு அது. நாத்தனார்தான் எடிட்டர். கூடத்தில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் கோடு கிழிப்பாள். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘கத்தரி’. கோடு விழுந்த தாள்களை அண்ணி எழுத்தறைக்குள் எடுத்துப் போவாள், கதவைச் சாத்திக்கொள்வாள், பதிலோடு திரும்பி வருவாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வாசகர்கள் இணையத்தில் ஆளுக்குக் கொஞ்சம் முன்பணம் போட்டு, ‘எழுதுங்கள், படிக்கிறோம்’ என்று தூக்கிவிட்ட நாவல். சொன்ன தேதி மூன்று முறை தள்ளிப் போய்விட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போகாவிட்டால் இயந்திரம் பாடப்புத்தக வேலைக்குப் போய்விடும். பிறகு எப்போது கிடைக்கும் என்று அச்சகக்காரருக்கே தெரியாது.

அண்ணி உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து வந்தாள்.

“ஒரு வரி கூட எடுக்க முடியாதாம்.”

“ஏனாம்?”

“கிளம்பினா திரும்பி வராத ரயிலாம். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போகட்டுமே, உனக்கு என்ன வலிக்குதுங்கறார்.”

“எனக்கா? காத்திருக்கிற வாசகருக்கு வலிக்குது!”

“இன்னும் ஒரே ஒரு வாரம் கேக்கறார்.”

“போன மாசம் ஒரு வாரம். அதுக்கு முந்தின மாசம் ஒரு வாரம். அண்ணன் காலண்டர்ல வாரத்துக்கு எத்தனை நாள், அண்ணி?”

அண்ணி தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சீராக்கினாள். நாத்தனார் கைப்பேசியை எடுத்தாள்.

“இதைக் கேளுங்க. லிஃப்ட் இயக்கறவர் ஒருத்தர் எழுதியிருக்கார். ‘அவசரம் இல்லை. நல்லபடியா முடிஞ்சு வரட்டும். மேலும் கீழும் போயிட்டேதான் இருக்கேன், எந்த மாடியில குடுத்தாலும் வாங்கிக்கறேன்.’ இவ்வளவு நல்ல மனுஷங்களை எத்தனை நாள் நிக்க வைக்கறது?”

அண்ணி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது.

“முடிஞ்சிட்டா நாளைக்குக் காலையில என்ன பண்றதுன்னு கேக்கறார். எழுந்ததும் அந்த அறைக்குள்ள போக ஒரு காரணம் இருந்துது. அதுவும் போயிடுமேங்கறார்.”

நாத்தனார் பேனாவை மூடினாள். சற்று நேரம் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அடுத்த நாவலை ஆரம்பிக்கச் சொல்லுங்க.”

“எழுத வருமான்னு பயமாம்.”

“பயமா! அண்ணி, நான் வாயைத் திறந்து பாராட்டறது வருஷத்துக்கு ஒரு தடவை. அப்படியே போய்ச் சொல்லிடுங்க. முதல் பாதியில வர்ற பொம்பளைங்க எல்லாம் தலையாட்டி பொம்மைங்க. பின் பாதியிலதான் வாயைத் திறக்கறாங்க, சண்டை போடறாங்க, பாதி சண்டையில அடுப்பை அணைக்க ஓடறாங்க. இந்த வீட்டுல எழுதினதிலேயே அதுதான் உசத்தி. கத்தரி சொன்னாள்னு சொல்லுங்க.”

அண்ணி சட்டென்று எழுந்து, தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே போனாள்.

இந்த முறை கதவு திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் மூன்று வரி மட்டும் புதிதாக இருந்தது.

‘ரயில் நகர்ந்தது. அவள் கூடவே நாலு அடி நடந்தாள். பிறகு நடக்கவில்லை; கையை மட்டும் இறக்காமல் வைத்திருந்தாள்.’

நாத்தனார் இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

“போகட்டும்னு சொல்லிட்டாரா, அண்ணி?”

“ம். போகட்டும்னுட்டார்.”

“அப்போ ஒரே ஒரு கேள்வி பாக்கி.” அட்டைப்படத்தின் மாதிரியை மேசையில் விரித்தாள். “பேரு. அண்ணன் பேருக்குக் கீழ உங்க பேரையும் போடணும். அதே அளவு எழுத்துல.”

“என் பேரா? தூது போனதுக்கெல்லாமா பேரு போடுவாங்க?”

“நான் எடிட்டர். சொல்றதைச் சொல்லிட்டேன். அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”

அண்ணி எழுத்தறை வாசல் வரை போனாள். கதவில் கை வைத்தாள். உள்ளே போகாமல் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி, கண் கலங்கச் சிரித்தாள்.

“போடச் சொல்லிட்டார்.”

கேட்காமலே எப்படிச் சொன்னார் என்று நாத்தனார் கேட்கவில்லை. பதினான்கு மாதங்களுக்கு முன்பு, அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலையில், பாதியில் நின்றுபோன கைப்பிரதியை அண்ணியின் மடியில் வைத்து, ‘மீதியை அண்ணன்கிட்ட கேட்டுக் கேட்டு எழுதி வாங்கிக் குடுங்க, அண்ணி’ என்று சொன்னவளே அவள்தான்.