இரைச்சல்

பிலோமினா இறந்த பிறகு இசைத்தட்டுக் கருவி இரையத் தொடங்கியது. தட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் பெட்டிதான் கெட்டுவிட்டதென்று நினைத்த அவள் கணவர் இருதயராஜ், விலை குறைந்த வேறொன்றைத் தேர்ந்தெடுக்கக் கருவியையே கடைக்குச் சுமந்து வந்திருந்தார். கடைக்காரர் மாற்றி மாற்றி மாட்டிய இரண்டு பெட்டிகளிலும் அதே இரைச்சல். யோசனையோடு கடைக்காரர் கருவியின் இரும்பு விளிம்பில் விரலை வைத்தார். இரைச்சல் நின்றுவிட்டது.

“இரைச்சலை இழுத்துக்கிடுத எர்த் வயரே இல்லையே அண்ணாச்சி! இத்தனை வருஷமா எப்படிக் கேட்டிய?”

பாட்டு முடியும்வரை பிலோமினா கருவியருகிலேயே, அதன் விளிம்பில் விரல் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். “அதென்ன நீ பெத்த பிள்ளையா? இங்க வந்து உக்காரேன்” என்று இருதயராஜ் நாற்காலியில் சாய்ந்தபடி கேலி செய்வார். “நான் எந்திரிச்சா அது அழும்” என்பாள். இவர் சிரிப்பார். ஒருநாளும் எழுந்துபோய் அவளருகில் உட்கார்ந்ததில்லை.

“இந்தப் பெட்டியில எர்த் திருகு இருக்கு. வயரை மாட்டி முடுக்கிட்டா யாரும் தொட வேண்டாம். விலையும் கம்மிதான்.”

“திருகு இல்லாதது இருக்கா?”

“அதுல இரையுமே அண்ணாச்சி.”

“இரையட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்.”