மைதிலி வாங்கிய புது டேப்லெட்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதிலும் பொறுமை கிடையாது. பழைய டேப்லெட்டுக்கு என்ன குறை என்று மணியனுக்கு விளங்கவில்லை. கோழிப்பண்ணைக் கேமராவை அது மெதுவாகத்தான் காட்டும். அவர் முட்டை பொறுக்கிவிட்டு வீடு வந்து உட்கார்ந்த பிறகும், அதில் பொறுக்கிக்கொண்டே இருப்பார்.

மருமகள் மைதிலி புதிதை நீட்டினாள். "இது சட்டுனு காட்டுமுங்க மாமா."

திரையில், கூண்டு வரிசைகளின் நடுவே மணியன் குப்புறக் கிடந்தார். சுற்றிலும் உடைந்த முட்டைகள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. திரையில் நாலே கால்.

மைதிலிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னைக்குப் பண்ணைக்குப் போவேண்டாமுங்க மாமா."

"நாந்தான் இங்க கல்லாட்டம் உக்காந்திருக்கறனே! புதுசுலயே பொய் சொல்லுது. திருப்பிக் குடுத்துப்போடு சாமி."

காலி முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு மணியன் பண்ணைக்கு நடந்தார்.