பெருமாளுக்கு ஓர் இடம்

ஈரத் துணியால் பெருமாளைத் துடைத்தார்.

உள்ளங்கை அளவு சாளக்கிராமம். கறுப்பு. வழவழப்பு. அப்பா இவர் கையில் கொடுத்த நாளிலிருந்து தினமும் இவர் கைதான் பட்டது.

இன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. திருவாராதனப் பூஜை முடியாமல் வாயில் பச்சைத் தண்ணீர் படாது இவருக்கு. பெருமாளை அழைத்துப்போகிறவர் வந்து சேரட்டும், அவர் முன்னால் பண்ணலாம் என்று பிள்ளை முகுந்தன் சொல்லிவிட்டான். வருகிறவர் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் வந்தார்.

மற்றவர்கள் ஓட்டல் பொங்கலை நின்றபடியே முடித்திருந்தார்கள். உட்கார நாற்காலி இல்லை. அடுப்பைக்கூட நேற்று யாரோ விலைக்கு வாங்கி எடுத்துப் போய்விட்டார்கள்.

மிச்சம், கட்டிய பெட்டிகள். பெருமாள். இவர்.

நாளைக்கு முகுந்தன் குடும்பத்தோடு மெல்போர்ன் போகிறான். ஒரேயடியாக.

பெருமாள் கடல் தாண்டினால் தோஷம் என்றார் புரோகிதம் பண்ணும் வாத்தியார். முகுந்தன் தாண்டினால்? யாரும் கேட்கவில்லை. அவனுக்குத்தான் அங்கேயே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். வந்துவிட்டதே.

இவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம். அது இவருக்கே புதுச் செய்தி. டில்லி உத்தியோகம் முழுக்க ஒரே ஸ்வெட்டரில் ஓட்டியவர்.

ஆகவே, இரண்டு பேருக்கும் இடம் தேட வேண்டியிருந்தது.

பெருமாளுக்குத் தேடிய அழகைச் சொல்ல வேண்டும். முகுந்தன் லீவு போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினான். அம்பத்தூர் வீட்டில் வெங்காயம் சேர்ப்பார்கள். தள்ளுபடி. மேற்கு மாம்பலத்தில் பூஜை அலமாரிக்குப் பின்சுவர் குளியலறை. அதுவும் தள்ளுபடி. பெண்ணுக்கு வரன் பார்க்கிறவன்கூட அப்படித் துருவமாட்டான்.

இவருக்கு வீடியோவில் பார்த்தான்.

கோயம்புத்தூர் பக்கம். சீனியர் லிவிங். முதியோர் இல்லம் என்று சொன்னால் மருமகள் முகம் சுருங்கும். நீச்சல் குளம் உண்டு. இவருக்கு நீந்தத் தெரியாது. அறையில் விளக்கேற்ற மட்டும் அனுமதி இல்லை. ஏற்றினால் கூரையில் மணி அலறுமாம். அதனால் பெருமாளை இவரோடு அனுப்ப வழியில்லை.

பெருமாளுக்கு ஒரு நாள் நைவேத்தியம் தவறினாலும் குடும்பத்துக்கு ஆகாது. இதை முகுந்தன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

கடைசியில் தகைந்தவர் நங்கநல்லூர் சௌந்தரராஜன். வெங்காயம் இல்லை. சுவரும் சுத்தம்.

அவர்தான் இப்போது கூடத்தில், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தும் உட்காராமலும் இருக்கிறார்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வீட்டில் தனக்கும் ஆபீஸ், சம்சாரத்துக்கும் ஆபீஸ் என்று ஆரம்பித்தார். கொஞ்சம் சுற்றினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"நித்தியப்படி பண்றதுக்கு ஆத்துல ஆள் இல்லை. மாமாவும் கூட வந்துட்டா தேவலை. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு."

மிக்ஸி வாங்க வந்தவர் ஜாரையும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

இவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மாடி அறைக்கு ஜன்னல் உண்டா என்று மனசு அதற்குள் விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றது.

முகுந்தன் நிமிர்ந்தான். பெற்ற அப்பாவைக் கொண்டுபோய் இன்னொருத்தர் வீட்டில் விடுவதா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றான்.

அந்த நாலு பேரை இவருக்குத் தெரியும். அவர்களுடைய அப்பாக்கள் அந்த நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

அங்கே பிசியோதெரபிகூட உண்டு என்று மருமகள் எடுத்துக் கொடுத்தாள்.

சௌந்தரராஜன் எழுந்துகொண்டார். அப்படியானால் பெருமாளும் வேண்டாம், ஆளில்லாத வீட்டில் வைத்துப் பட்டினி போட்ட பாவம் தனக்கெதற்கு என்றார்.

நியாயமான பேச்சு.

முகுந்தன் முகம் வெளுத்துவிட்டது. வாத்தியாருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மருமகளைப் பார்த்தான். அவள் பெட்டிகளைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

இத்தனை பெரிய ஊரில் பெருமாளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு நாதி இல்லையே என்றான். இத்தனை வருஷம் வேளை தவறாமல் சாப்பிட்டவர், நாளைக்குப் பசியோடு உட்கார்ந்திருப்பாரே, அது அடுக்குமா என்றான். குரல் உடைந்தது. நடிப்பில்லை. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோயம்புத்தூரா என்று கேட்கவில்லை. நங்கநல்லூரா என்றும் கேட்கவில்லை. சௌந்தரராஜன்கூட முகுந்தனைத்தான் கேட்டார்.

பெருமாளைத் தட்டில் எழுந்தருளப் பண்ணினார்.

நைவேத்தியத்துக்கு வைத்திருந்த திராட்சைக் கிண்ணத்தை எடுத்தார்.

பெருமாளுக்குக் காட்டவில்லை.

ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

மென்று விழுங்கினார்.

"அது கல்லுடா, முகுந்தா. எனக்குன்னா பசிக்கிறது."

சௌந்தரராஜன் தலையைக் குனிந்துகொண்டார்.

முகுந்தன் பதறிப்போய் ஓடிவந்தான். இவர் எதிரில் வந்து நின்றான். உதடு துடித்தது. மன்னிச்சுடு, மன்னிச்சுடு என்று இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தட்டைப் பார்த்து.